அக்காவுக்கு வந்த போன்

சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. ஞாயிறு தமிழ் வகுப்புக்கு இந்த வருடம் 11 பிள்ளைகள் வருகிறார்கள், அதில் எனக்கு மெத்த சந்தோஷம். ஆனால் இன்று உட்கார்ந்து எழுதுவது வேறு விஷயத்துக்காக.

அக்காவை ஏமாற்றிவிட்டார்கள். 18,000 ரேண்ட் போய்விட்டது.

காலை பத்து மணி இருக்கும். அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. தென்னாப்பிரிக்க வரித் துறையான சார்ஸ் அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். உங்கள் பெயரில் யாரோ கம்பெனி நடத்தி வரி கட்டாமல் விட்டிருக்கிறார்கள், வாரண்ட் தயார், மூன்று மணிக்குள் போலீஸ் வீட்டுக்கு வரும் என்றானாம். அடையாள எண்ணின் 13 இலக்கத்தையும் தடங்கலில்லாமல் படித்துக் காட்டினானாம். அப்புறம் போலீஸ் ‘கேப்டன்’ என்று இன்னொருவன் போனில் வந்தான். போனை வைக்கக் கூடாது, விசாரணை முடியும்வரை மகனிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று கட்டளை. இரண்டரை மணி நேரம்! போன் சூடேறிக் காது சிவந்துவிட்டது. முனிசிபாலிட்டி பில்லின் பின்பக்கத்தில் அவன் சொன்ன கேஸ் நம்பரைப் பென்சிலால் எழுதி, அதைச் சுற்றிக் கட்டம்கூடப் போட்டிருக்கிறாள். அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பணத்தைப் பத்திரமான கணக்குக்கு மாற்றித் தருகிறோம் என்று நம்பவைத்து, போனில் வந்த ஓடிபியை நான்கு தரம் வாங்கியிருக்கிறார்கள். அந்தச் செய்தியிலேயே ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று இருக்கிறது. அவள் படிக்கவில்லை, எண்ணை மட்டும் பார்த்திருக்கிறாள். பருப்பு கருகிய வாடை தெருவுக்கு வந்து, பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து போனைப் பிடுங்கி வைத்ததால் மீதிப் பணம் தப்பியது. கார்டின் பின்னால் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கினோம். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். போனது வருமா, தெரியவில்லை.

‘படித்தவள், இப்படி ஏமாறலாமா?’ என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாரக்ஸிலிருந்து, அந்த நாளைய நிறவெறி அரசு நம் ஆட்களைக் கிளப்பி இங்கே கொண்டுவந்து போட்டபோது அக்காவுக்குப் பதினொரு வயது. கையில் ஃபைலோடு ஓர் ஆள் வந்து தாத்தாவின் பெயரையும் நம்பரையும் வாசித்தான். ‘எந்த ஆபீஸ், உன் பெயர் என்ன?’ என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. சர்க்கார் என்று சொன்னால் நிமிர்ந்து நின்று ‘யெஸ் சார்’ என்பதுதான் நமக்குப் பழக்கிய பாடம். போனில் அந்தக் குரல் நம்பரை வாசித்ததும் அக்கா மறுபடி பதினொரு வயதுப் பெண்ணாகிவிட்டாள். அந்தத் திருடர்கள் பிழைப்பது இந்தப் பயத்தில்தான்.

நம்பரைச் சொன்னதால் மட்டும் ஒருவன் அதிகாரி ஆகிவிடமாட்டான். அடையாள எண்ணின் முதல் ஆறு இலக்கம் நம் பிறந்த தேதிதானே. மீதியும் எத்தனை ஃபாரங்களில் எழுதிக் கொடுத்திருக்கிறோம்! போன் திரையில் தெரியும் நம்பரையும் நம்பாதே, அதையும் போலியாகக் காட்ட முடிகிறது. யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு, நாமே கூப்பிட்டுக் கேட்க வேண்டும். சார்ஸுக்கு 0800 00 7277. சார்ஸ் போனில் கூப்பிட்டு நம்மிடம் ஓடிபியோ பின் நம்பரோ பாஸ்வேர்டோ கேட்பதே இல்லை. வரி பாக்கி உண்மையாகவே இருந்தால் சார்ஸின் இணையதளமான ஈஃபைலிங்கில் கடிதம் கிடக்கும், நிதானமாகப் பார்க்கலாம். ‘இப்போதே’, ‘யாரிடமும் சொல்லாதே’ இரண்டும் சேர்ந்து வந்தால் போனை வைத்துவிடு. மரியாதைக் குறைவு என்று நினைக்காதே. ஜூலையில் வரி சீசன் வரும்போது ‘ரீஃபண்ட் வந்திருக்கிறது, இந்த லிங்கைத் தொடுங்கள்’ என்ற செய்திகளும் குவியும். அதையும் தொடாதே.

உன் அம்மாவை நினைத்துத்தான் எனக்குக் கவலை. அரசின் உதவித்தொகை நிறுவனமான சாஸாவிடம் முதியோர் உதவிப் பணம் வாங்குகிறவர்களைக் குறிவைத்தே சிலர் வருகிறார்கள். அந்தப் பணம் எடுக்கும் தங்க நிற அட்டையை போஸ்ட்பேங்கின் கறுப்பு அட்டையாக மாற்றச் சொன்ன குழப்பம் அவர்களுக்கு நல்ல சாக்கு. கார்டைப் புதுப்பிக்கக் கட்டணம் என்று யாராவது கேட்டால் ஒரு சென்ட்கூடக் கொடுக்க வேண்டாம், சாஸா எதற்கும் காசு கேட்பதில்லை. சந்தேகம் வந்தால் 0800 60 10 11. கொட்டை எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடு. பின் நம்பரைக் கார்டோடு சேர்த்து முடிந்து வைக்கிற பழக்கம் அம்மாவுக்கு இருந்தால் இன்றைக்கே பிரித்துவிடு.

இன்னொன்று. சவுதர்ன் ஆப்பிரிக்கன் ஃபிராட் பிரிவென்ஷன் சர்வீஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் இலவசமாகவே பாதுகாப்புப் பதிவு செய்யலாம். அதற்குப் பிறகு நம் பெயரில் யாராவது கடன் கேட்டால், கொடுப்பவர்கள் கூடுதலாகச் சரிபார்ப்பார்கள். அக்காவுக்குச் செய்தாயிற்று, எனக்கும் செய்துகொண்டேன். நீயும் செய்.

அக்கா இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறாள். நேற்றுதான் மறுபடி வடை சுட்டாள். ஆனால் தெரியாத நம்பர் எதையும் எடுப்பதில்லை. நீ அவளிடம் பேசினால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும். கூப்பிடும் முன் உன் புது நம்பரை எனக்கு எழுது. அவள் போனில் உன் பெயரோடு பதிந்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்