கை எங்கே என்று கேட்டாயே

மதுரை,
8 டிசம்பர் 2024

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. முட்டி வலியால் பதில் எழுதவில்லை என்று சொல்லலாம். முட்டியாலா எழுதுகிறாய் என்று கேட்பாய். உண்மையில் உன் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை உட்கார வைத்துவிட்டது. "லேப்டாப்பில் தட்டிப் போடுகிற பாட்டில் கை எங்கேடா இருக்கிறது?" இருபத்திரண்டு வருடம் ஊர் ஊராகப் பேட் என்கிற எலெக்ட்ரானிக் தாளப் பலகை வாசித்தவன் கேட்கிற கேள்வி. சும்மா ஒதுக்கிவிட முடியவில்லை.

வீட்டுச் செய்தியை முதலில் முடித்துவிடுகிறேன். எல்லாரும் சுகம். சின்னவள் தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்துவிட்டுத் தன் நல்ல ஹெட்போனை இங்கேயே மறந்துவிட்டுப் போய்விட்டாள். திருப்பி அனுப்பு என்று இரண்டு முறை சொல்லிவிட்டாள். எனக்கு இன்னும் தபால் நிலையம் போக நேரம் வரவில்லை. நம் குழு ஒத்திகை பார்த்த மாடி அறையை இடித்துவிட்டார்கள். கீழே செல்போன் கடை, மேலே டியூஷன் சென்டர். அவ்வளவுதான்.

அந்த ஹெட்போன் வந்த நாளிலிருந்து நான் கேட்பதெல்லாம் புதுசு. பெரிய கம்பெனி, சினிமா எதுவும் பின்னால் இல்லாமல் தனியாளாக உட்கார்ந்து இசை செய்கிறவர்களின் வெளியீடுகள். நிறையக் குப்பைதான், மறைக்கவில்லை. பத்தில் ஏழு ஒரே மாதிரி. மிச்சம் மூன்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லக்கூடியவர் ஜேலின். ஜெரிலின் பேட்டன் என்பது முழுப்பெயர். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கேரி என்ற ஊர்க்காரர். மைக்கேல் ஜாக்சன் பிறந்த அதே ஊர், இரும்பாலை ஊர். பேட்டனும் இரும்பாலையில் வேலை பார்த்தவர்தான். வேலை போக மிச்ச நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து ஃப்ரூட்டி லூப்ஸ் என்கிற கம்ப்யூட்டர் மென்பொருளில் தாளம் கட்டினார். நீ முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. ஆமாம், உன் தம்பி மகன் வைத்திருக்கிற அதே ஃப்ரூட்டி லூப்ஸ்தான்.

சிகாகோவில் ஃபுட்வொர்க் என்று ஒரு நடனம் உண்டு. வட்டம் கட்டி நிற்பார்கள், நடுவே ஒவ்வொருவராக இறங்கிக் காலாலேயே சண்டை போடுவது மாதிரி ஆடுவார்கள். அதற்கு வாசிக்கிற இசையின் வேகம் நிமிடத்துக்கு 160 அடி. ஜேலின் கிளம்பியது அங்கிருந்து. ஆரம்பத்தில் மற்றவர்களைப் போல ஒரு பழைய பாடகியின் குரலை வெட்டி எடுத்துப் பாட்டு செய்து அம்மாவிடம் போட்டுக் காட்டியிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உன் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார் அம்மா. அதற்கப்புறம்தான் அடுத்தவர் பாட்டை வெட்டுவதை விட்டு, தன் சத்தத்தைத் தானே தேடத் தொடங்கியிருக்கிறார். 2015ல் முதல் ஆல்பம். 2017ல் வந்த இரண்டாவது ஆல்பத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் பெங்களூர் நடனக் கலைஞர் ஒருவரும் உண்டு. இந்த மார்ச்சில் வந்தது 'அகோமா'. கானா நாட்டு அகான் மொழியில் இதயம் என்று பொருள். வெளியிட்டது பிளானெட் மியூ என்கிற சின்ன ஆங்கிலேய நிறுவனம்.

சின்ன நிறுவனம்தானே என்று நினைக்காதே. ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் ஒரு பாட்டில், குரோனோஸ் குவார்டெட் என்கிற நால்வர் வயலின் குழு ஒரு பாட்டில், அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் ஒரு பாட்டில் சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் எனக்குப் பிடித்தது விருந்தாளிகள் இல்லாத இடங்கள். பள்ளிக்கூட பேண்டு மாதிரி அணிவகுப்பு மேளம் ஒன்று வரும். நாலு நாலாகப் போய்க்கொண்டிருக்கும். நீ தொடையில் தட்டிக்கொண்டே இருப்பாய். எந்த இடத்தில் மூன்றுக்கு மாறினார் என்று பிடிபடாது. சதுஸ்ரத்தில் நடந்துகொண்டிருந்தவன் கால் தடுக்கித் திஸ்ரத்தில் விழுந்து, விழுந்தபடியே நடப்பது மாதிரி. பாஸ்கர் அண்ணன் கச்சேரி நடுவில் உன்னைச் சோதிக்க டிரம்ஸில் ஒரு குறும்பு செய்வாரே, அந்தக் குறும்பு. அதை மவுஸால் செய்திருக்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

இன்னொன்று கேள். சிகாகோவில் தேர்ட் கோஸ்ட் பெர்கஷன் என்று நான்கு தாள வாத்தியக்காரர்கள் கொண்ட குழு இருக்கிறது. தங்களுக்காக ஒரு படைப்பு செய்து தரச் சொல்லி ஜேலினைக் கேட்டார்கள். அவர் வழக்கம்போலக் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தார். அதை எப்படிக் கையால் வாசிப்பது என்பது அவர்கள் பாடு. எந்தச் சத்தத்துக்கு எந்தப் பொருள் என்று தேடித் தேடி, தண்ணீர் ஊற்றிய பாத்திரங்கள் வரை போயிருக்கிறார்கள், நம் ஜலதரங்கம் மாதிரி. 'பெர்ஸ்பெக்டிவ்' என்ற அந்தப் படைப்பு அமெரிக்காவின் பெரிய பரிசான புலிட்சரில், 2023 இசைப் பரிசின் இறுதிச்சுற்றுக்கு வந்தது. இப்போது சொல், அதில் கை யாருடையது? கட்டியவருக்கா, வாசித்த நான்கு பேருக்கா? நான் இரண்டு நாள் யோசித்தேன். கட்டியவருக்குத்தான் என்று படுகிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய்.

பரியல் என்ற பெயரில் ஒரு லண்டன்காரர் இருக்கிறார். 2007ல் வந்த அவருடைய ஆல்பத்தைப் பெரிய விஷயமாகப் பேசுவார்கள். அப்போதெல்லாம் அவர் பாட்டு செய்த முறை விசித்திரம். தாளத்தைக் கட்டத்தில் பூட்டி வைக்கிற மென்பொருளே கிடையாது. சும்மா ஒலியை வெட்டி ஒட்டுகிற சவுண்ட் ஃபோர்ஜில், அலைவடிவத்தைக் கண்ணால் பார்த்து ஒவ்வொரு அடியையும் ஒட்டியிருக்கிறார். திரையில் தெரிகிற டிரம்ஸ் மீன்முள் மாதிரி இருந்தால் சரியாக வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியுமாம். அதனால்தான் அந்தத் தாளம் எங்கும் ஒரு மயிரிழை தள்ளியே விழுகிறது. தாளம் எண்ணுகிற மெட்ரோனோம் போட்டால் எகிறும். இந்தப் பிப்ரவரியில் இரண்டே பாட்டோடு ஒரு தட்டு போட்டார்; இரண்டும் சேர்ந்து இருபத்தாறு நிமிடம். ராத்திரியில் கேள், பகலில் கேட்டால் வெறும் மழைச் சத்தம் மாதிரி இருக்கும்.

சோஃபி விஷயத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிளாஸ்கோவில் வளர்ந்தவர். பாப் பாட்டுதான் செய்தார், ஆனால் அதில் வருகிற ஒரு சத்தமும் எந்த வாத்தியத்திலும் கேட்டிருக்க மாட்டாய். ரப்பரை இழுப்பது, சோடாவில் குமிழி வெடிப்பது, தகரத்தை வளைப்பது எல்லாம் இருக்கும். எதையும் மைக் வைத்துப் பிடித்ததில்லை. எலெக்ட்ரான் மோனோமெஷின் என்கிற ஒரு சிந்தசைசர் பெட்டியில் வெறும் ஒலி அலையிலிருந்து பிசைந்து பிசைந்து எடுத்தது. நீ உருமிச் சத்தத்தைப் பேடில் ஏற்றுவதற்கு உசிலம்பட்டியில் ஒரு ராத்திரி முழுக்க டேப் ரெக்கார்டரோடு நின்றாயே, அந்த வேலையை உருமியே இல்லாமல் செய்வதாக வைத்துக்கொள். 2021 ஜனவரியில் ஏதென்ஸில், முழுநிலவைப் பார்க்க ஏறிய இடத்திலிருந்து தவறி விழுந்து இறந்துபோனார். வயது 34. விட்டுப்போன ஆல்பத்தை, கூடப்பிறந்தவரும் கூடவே வேலை செய்தவருமான பென்னி லாங் முடித்து இந்தச் செப்டம்பரில் வெளியிட்டிருக்கிறார். பதினாறு பாட்டு.

நான் நாலு தடவை கேட்டேன். நல்ல வேலைதான். ஆனால் அந்தப் பிசைதல் முழுசாக இல்லை. சில இடங்களில் மாவு பிசைந்து வைத்திருக்கிறது, தட்டிப் போட ஆள் இல்லை என்பது போல. கூடப்பிறந்தவர் தன் இஷ்டத்துக்கு எதையும் மாற்றிவிடக் கூடாது என்று பயந்து பயந்து செய்திருப்பார் என்று தோன்றியது. அது அன்பினால் வருகிற தயக்கம், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் செல்வம், அப்போதுதான் உன் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது. லேப்டாப் இசையில் கையே இல்லை என்றால், இதில் ஒரு கை குறைகிறது என்று என் காதுக்கு எப்படித் தெரிந்தது?

சோஃபியோடு சேர்ந்து இயங்கிய ஏ.ஜி. குக் வேறு ரகம், அடங்காத பிள்ளை. 2020ல் ஒரே ஆல்பத்தில் நாற்பத்தொன்பது பாட்டு போட்டார். இந்த மே மாதம் இருபத்துநாலு. திருத்துவதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருக்கலாம்.

இனி ஃபோர் டெட். கீரன் ஹெப்டன் என்பது சொந்தப் பெயர். அப்பா ஆங்கிலேயர், அம்மா தென்னாப்பிரிக்காவில் பிறந்த இந்திய வம்சாவளி. லதா மங்கேஷ்கர் குரலை வைத்து இருபது நிமிடப் பாட்டு செய்தவர். பரியலும் இவரும் லண்டன் புட்னியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். 2017ல் ஒரு ஆல்பம் முடித்ததும், அதைச் செய்த இடத்தைப் படம் எடுத்துப் போட்டார். ஒரு மேசை, ஒரு லேப்டாப், ஒரு சின்ன கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர், ஜன்னல். நம் குழுவில் மைக் ஸ்டாண்டு வைக்கிற மூலையே அதைவிடப் பெரிது. இந்த மார்ச்சில் 'த்ரீ' என்ற ஆல்பம் வந்தது. எட்டே பாட்டு. கடைசிப் பாட்டில் ஒரு சோம்பேறி டிரம்ஸ் எட்டு நிமிடத்துக்கு நடந்துகொண்டே இருக்கும். மேலே சத்தம் வெள்ளம் மாதிரி ஏறி மூடும். டிரம்ஸ் மட்டும் அவசரப்படாது. உனக்குப் பிடிக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. 2001ல் இளைஞனாக இருந்தபோது ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். இணையம் வழியாகப் பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு, இசைத்தட்டு விற்பனைக்கான 18 சதவீதக் கணக்கையே அதற்கும் கொடுத்தார்கள். பாதி வேண்டும் என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே 2021 நவம்பரில் அவருடைய மூன்று ஆல்பங்களை அந்த நிறுவனம் இணையத்திலிருந்து இறக்கிவிட்டது. பாட்டு செய்தவனால் தன் பாட்டைத் தேடினாலும் கேட்க முடியாது. 2022 ஜூனில் 50 சதவீதத்துக்கு ஒத்துக்கொண்டு, பாக்கியாக 56,921 பவுண்டு கொடுத்து முடித்தார்கள். பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை மட்டும் அவர் கைக்குத் திரும்பவில்லை. இப்போது தன் சொந்த லேபிளான டெக்ஸ்டில் வெளியிடுகிறார்.

அதைப் படித்தபோது நம் அய்யனார் பக்திப் பாடல் கேசட் ஞாபகம் வந்தது. இரண்டு நாள், பதினோரு பாட்டு, ஆளுக்கு நானூறு ரூபாய், ஒரு பிரியாணிப் பொட்டலம். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், என்ன எழுதியிருந்தது என்று நீயும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. போன மாதம் யாரோ அதை யூடியூபில் ஏற்றியிருந்ததைப் பார்த்தேன். லட்சக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது பாட்டில் இடையிசைக்கு நீ கொடுக்கிற அந்த உருட்டு அப்படியே இருக்கிறது. கீழே கம்பெனி பெயர் இருக்கிறது, பாடியவர் பெயர் இருக்கிறது. உன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. கை இருக்கிறது, ஆள் இல்லை. இந்த லேப்டாப் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு வருகிற பொறாமை இதுதான். ராகம், தாளம் எதிலும் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் தன் பாட்டு தன் பெட்டியில் இருக்கிறது.

அதற்காக அவர்கள் செழிப்பாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறை ஓடவில்லை என்றால் பைசா கிடையாது; இந்த வருடத் தொடக்கத்திலிருந்து விதி. அதனால் பலரும் பேண்ட்கேம்ப் என்கிற இடத்தில் நேரடியாக விற்கிறார்கள். அங்கே தளத்துக்கு வழக்கமாக 15 சதவீதம். சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் எடுத்துக்கொள்வதில்லை. கொரோனா வந்த மார்ச் 2020ல் கச்சேரியெல்லாம் நின்றபோது தொடங்கிய பழக்கம். அந்தத் தளமும் ஒன்றும் அசையாத மலை இல்லை: ஒன்றரை வருடத்தில் இரண்டு முதலாளி மாறி, 2023ல் ஊழியர்களில் பாதிப் பேரை அனுப்பிவிட்டார்கள்.

நேற்று முன்தினம் அப்படி ஒரு வெள்ளிக்கிழமை. 'அகோமா'வை வாங்கினேன். என் வங்கி அட்டை மூன்று முறை மறுத்தது; சின்னவளைக் கூப்பிட்டு அவள் அட்டையில் போட்டேன். ஹெட்போன் எப்போது வரும் என்று மறுபடி கேட்டாள். குறித்திருந்த விலைக்கு மேல் ஒரு டாலர் சேர்த்தேன். பிரியாணிப் பொட்டலத்துக்கு என்று வைத்துக்கொள். ஒரு விஷயம் கவனித்தேன்: காசு கொடுத்து வாங்கியதால் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை எழுந்திருக்காமல் கேட்டேன். டவுன்ஹால் ரோடு ரெக்கார்டிங் கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கி வந்து கேட்போமே, அதற்கப்புறம் நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

பென் டிரைவில் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை மச்சினன் கோயம்புத்தூர் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். 'அகோமா'வின் பதினோரு பாட்டில் அந்த மேளப் பாட்டை மட்டும் முதலில் கேள். அப்புறம் பரணிலிருந்து பேடை இறக்கு. அதை வாசித்துப் பார், எங்கே மூன்றுக்கு மாறுகிறது என்று கண்டுபிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அடாப்டர் எங்கே என்று வீட்டில் தேடாதே. அது என்னிடம் இருக்கிறது. 1999ல் அலங்காநல்லூர் கச்சேரிக்கு இரவல் வாங்கினது. அதையும் மச்சினனிடமே கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
ராஜு