உப்பைக் கழுவாமல் பெயின்ட் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாற்காலிகளுக்கு வீட்டிலேயே பெயின்ட் அடிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களெல்லாம் அழகுதான். ஆனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைத் துடைத்து, நேராக பெயின்ட் அடிக்கச் சொல்லும் அந்த முறை கடல் இல்லாத ஊர்களுக்குத்தான் சரிவரும். குளச்சல், முட்டம் பக்கம் கடலைப் பார்த்து வீடு வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள் அப்படியே செய்தால், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பெயின்ட் கொப்பளித்து உரிந்து வரும், அப்புறம் பெயின்ட் கம்பெனியைத் திட்டி என்ன பிரயோஜனம்?

கடற்காற்றில் வரும் உப்பு இரும்பில் துருவேறிய குழிகளுக்குள் தங்கிவிடுகிறது. காய்ந்த உப்புத்தாள் மேலே இருக்கும் துருவை எடுக்குமே தவிர இந்த உப்பை எடுக்காது. அதன் மேலேயே பெயின்ட் அடித்தால், காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படலத்தைக் கடந்து உள்ளே போக, உப்பு அதை விடாமல் இழுத்து வைத்துக்கொள்ள, அடியிலிருந்தே துரு பெருத்து பெயின்டைத் தூக்கிவிடும். ஆகவே கம்பி பிரஷ்ஷால் துருவைத் தட்டியபின் நல்ல தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அது வேண்டாம், குடிதண்ணீரே எடுங்கள். துடைத்து வெயிலில் காயவைத்து அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் (பெயின்டுக்கு முன் இரும்புக்கு அடிக்கும் அடிப்பூச்சு) அடித்துவிட வேண்டும், ராத்திரி வெளியே விட்டால் காலையில் மறுபடி செம்மை படிந்திருக்கும். கால்களின் ரப்பர் புஷ்ஷைக் கழற்ற மறக்காதீர்கள், தண்ணீர் தேங்கிக் குழாய் உள்ளிருந்து அரிக்கத் தொடங்குவது அங்கேதான்.

கட்டுரையில் ஈயம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016இல் கொண்டுவந்த விதி, 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு போன்ற பளிச்சென்ற நிறங்களில், ஈயம் நிறையவே இருக்கலாம். அதைக் காய்ந்த தாளால் தேய்த்தால் வரும் பொடி திண்ணையெல்லாம் பரவும், தவழும் பிள்ளைகளின் கை வழியே வாய்க்குப் போகும். வாட்டர் பேப்பரை, அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளை, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பொடி பறக்காது. கீழே பழைய பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வழித்ததை அதிலேயே சுருட்டிக் கட்டுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

மரத்துக்கும் ஈரத் தாள்தான், ஆனால் ஊறவிடக் கூடாது, ஓரிரு நாள் நிழலில் காய விடுங்கள். தேக்கு, அயினி நாற்காலி என்றால் எனாமலே அடிக்காதீர்கள் என்பேன் (இது என் பிடிவாதம்), வீட்டுக்குள் கிடப்பதற்கு அரக்கு பாலிஷ் போதும், திண்ணையில் போட்டால் மழைத்தண்ணீர் பட்டு வெளுத்துப்போகும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு, ஜனவரியிலிருந்து மார்ச் வரை இந்த வேலைக்கு ஏற்ற காலம்.

அடுத்து ஜன்னல் கம்பி, கேட் பற்றி எழுதப்போவதாகப் போட்டிருக்கிறீர்கள். உப்பு அதிகம் ஏறுவது அவற்றில்தான், அதனால் கழுவுவதைப் பற்றி முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குளச்சல்