எத்தனை மணிக்குத் தொடங்கினது?

யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகனுக்கு,

இஞ்ச எல்லாரும் சுகம். சின்னம்மாவின்ர கை விறைப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி நீ அனுப்பின காசு வந்து சேர்ந்தது. இப்போதைக்கு அது வங்கியில கிடக்கட்டும். அறுபது வயசு தாண்டின ஆரின்ர கழுத்தைப் படம் எடுத்தாலும் எலும்புத் தேய்வோ தட்டு விலகலோ ஏதாவது தெரியத்தான் செய்யும். அதைக் கண்டு பயந்து கழுத்துக்குப் பட்டி போட்டுக்கொண்டு திரிய, வருத்தம் மணிக்கட்டில இருக்கும்.

அவவிட்டக் கேட்க வேண்டியது மூண்டே மூண்டு கேள்வி. எந்த விரல், எந்த நேரம், விறைக்கேக்க என்ன செய்யிறனீ? அவ சொன்னது இது: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில பாதி. சின்னவிரலுக்கு ஒண்டும் இல்லை. சாமத்தில எழுப்புது, எழும்பிக் கையை உதறினால் குறையுது. இது மணிக்கட்டுக்குள்ளால போற நரம்பு நெரிபடுறது, கார்ப்பல் டனல் எண்டு சொல்லுறது. மணிக்கட்டை மடங்க விடாத பட்டி ஒண்டை இரவில ஆறு கிழமைக்குக் கட்ட வேணும். சலரோகமும் தைரொயிட் குறைவும் இதைக் கொண்டு வாறபடியால் ரெண்டுக்கும் இரத்தம் சோதிக்க வேணும். தேங்காய் திருவுறதைக் கொஞ்ச நாளைக்கு வேற ஆரும் பார்க்கட்டும். பெருவிரலின்ர அடிச்சதை மற்றக் கையை விட வத்தினாலோ, சாமான் கைதவறி விழத் தொடங்கினாலோ பட்டியோட மினைக்கெடக் கூடாது. நரம்புக்குள்ளால மின்சாரம் எப்பிடிப் போகுது எண்டு பார்க்கிற நரம்புக் கடத்தல் சோதனை செய்து நிபுணரைப் பார்க்க வேணும். சின்னவிரல் பக்கம் மட்டும் விறைச்சிருந்தால் நான் முழங்கையைத்தான் பார்த்திருப்பன். உன்னைப்போல மேசையில முழங்கையை ஊண்டிக்கொண்டு கொம்பியூட்டர் பார்க்கிறவைக்கு அதுதான் கூட.

எங்கட சனத்துக்கு இதில ஒரு சொல்லுக் குழப்பமும் கிடக்கு. சுளுக்கினாலும் நரம்பு, காலில நீலமாய்ப் புடைச்சாலும் நரம்பு. கால் நரம்பு சுருட்டுறது இரத்தக்குழாய் விஷயம், அதுக்குச் சத்திரசிகிச்சை நிபுணர். மூளை, முள்ளந்தண்டு, அதுகளில இருந்து போற நரம்பு, தசை, இவ்வளவும்தான் நரம்பியல் நிபுணரின்ர எல்லை. அவர் முதல் கேக்கிறது ஸ்கான் இல்லை, எத்தனை மணிக்குத் தொடங்கினது எண்டுதான். நொடியில வந்ததெண்டால் இரத்தக்குழாய் அல்லது வலிப்பு. நாளுக்கு நாள் ஏறினால் கிருமி, அழற்சி. மாதக்கணக்கில ஊர்ந்து வந்தால் தேய்வு, நெரிவு, கட்டி. விதிவிலக்கு இல்லாமல் இல்லை, ஆனால் அனேகமான தரம் வழி காட்டுறது இந்தக் கணக்குத்தான்.

நொடியில வாறதில பெரியது பாரிசவாதம், மூளை இரத்தக்குழாய் அடைச்சோ வெடிச்சோ வாற பக்கவாதம். ஒவ்வொரு நாளும் வீடியோ கோல் எடுக்கிறபடியால் அதை முதல் காணுறது நீயாயும் இருக்கலாம். ஆற்றையும் முகமோ பேச்சோ வித்தியாசமாய்த் தெரிஞ்சால், போனை எதிரில நிமிர்த்தி வைக்கச் சொல்லு. பல்லுத் தெரியச் சிரிக்கச் சொல்லு, ஒரு பக்கச் சொண்டு ஏறாமல் நிக்குதோ பார். கண்ணை மூடி, ரெண்டு கையையும் உள்ளங்கை மேல பார்க்க முன்னுக்கு நீட்டச் சொல்லிப் பத்து எண்ணு. ஒரு கை தானாய்த் திரும்பிக் கீழ இறங்கினால் அதுதான் பலவீனம். பிறகு முழு வசனம் ஒண்டு சொல்ல வை, நல்லூர்த் தேர் எப்ப, ஆர் ஆர் வருகினம் எண்டு கேள். குழறுதோ, சொல்லு வரேல்லையோ, கேட்டதுக்குச் சம்பந்தம் இல்லாமல் சொல்லுகினமோ எண்டதுதான் கவனிக்க வேண்டியது. ழகரத்தை வைச்சு மட்டும் முடிவெடாதை, நாங்கள் சுகமாய் இருக்கேக்கையே அதை ளகரமாய்த்தான் சொல்லுறனாங்கள்.

மூண்டில ஒண்டு புதுசாய்ப் பிழைச்சாலே போதும். உடன ஒரு நேரத்தை எழுது. நீ கண்ட நேரம் இல்லை, அவை கடைசியாய் நல்லாய் இருந்த நேரம், அதுவும் ரொறன்ரோ நேரம் இல்லை, இஞ்சத்த நேரம். அடைச்ச இரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி அந்த நேரத்தில இருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்ள போட வேணும். விடிய எழும்பேக்கையே கை விழுந்திருந்தால், கணக்கு எழும்பின நேரத்தில இருந்து இல்லை, இரவு நல்லாய்ப் படுத்த நேரத்தில இருந்துதான். அந்த நாலரைக்குள்ளேயே சி.ரி. ஸ்கானும் எடுக்க வேணும், ஏனெண்டால் இரத்தக்குழாய் அடைச்சதோ வெடிச்சதோ எண்டு வெளியில நிண்டு ஆருக்கும் சொல்லேலாது. அதாலதான் வீட்டில அஸ்பிரின் குடுக்கக் கூடாது எண்டுறது, வெடிச்ச குழாய்க்கு அது விஷம். தண்ணியும் வேண்டாம், விழுங்கேலாத தொண்டையால அது நெஞ்சுக்குள்ள போயிடும். பிறசர் கூடக் கிடக்கு எண்டு மேலதிகக் குளிசையும் வேண்டாம். வீட்டில சீனி பார்க்கிற மெசின் இருந்தால் மட்டும் ஒருக்கால் குத்திப் பார்க்கச் சொல்லு, 70 மி.கி.க்குக் கீழ இறங்கினாலும் பாரிசவாதம் மாதிரியே காட்டலாம்.

1990 எண்ட இலக்கத்துக்கு அடிச்சால் வாற அம்புலன்ஸ் 2018இல வடக்குக்கு வந்தது, காசில்லை. உங்க இருந்து அந்த இலக்கம் வேலை செய்யாது, அதாலதான் பக்கத்து வீட்டு நம்பர் ரெண்டு உன்ர போனில இருக்க வேணும். அம்புலன்ஸ்காரருக்குப் பாரிசவாதம் எண்ட சொல்லையும் அந்த நேரத்தையும் சொல்ல வேணும், சும்மா மயக்கம் எண்டு சொன்னால் கிட்டக் கிடக்கிற சின்ன ஆஸ்பத்திரியில இறக்கி நேரம் போகும். நெடுந்தீவு ஆக்களுக்குக் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு வரவே படகில ஒரு மணித்தியாலம் போயிடும், அவைக்கு வீட்டில யோசிச்சுக்கொண்டிருக்க ஒரு நிமிசமும் இல்லை. பத்து நிமிசத்தில எல்லாம் சரியாப் போச்சு எண்டு சொன்னாலும் அண்டைக்கே கொண்டுபோக வேணும். வந்துபோன அந்தச் சின்ன அடைப்புக்குப் பிறகு பெரியது வாற ஆபத்து முதல் ரெண்டு நாளிலதான் கூட.

வலிப்புக்கு எங்கட ஊர் வைத்தியம் கையில இரும்புத் திறப்பு. திறப்பு குடுத்த உடன நிண்டது எண்டு சொல்லுவினம். அனேகமான வலிப்பு ஒண்டு ரெண்டு நிமிசத்தில தானாய் நிக்கும், திறப்பைத் தேடி எடுத்து வர அவ்வளவு நேரம் போகும், அவ்வளவுதான் அதின்ர மகிமை. செய்ய வேண்டியது, தலைக்குக் கீழ துவாய் ஒண்டை மடிச்சு வைக்கிறது, கழுத்துப் பொத்தானைக் கழட்டுறது, மணிக்கூட்டைப் பார்க்கிறது. வாய்க்குள்ள கரண்டி, விரல் ஒண்டும் வைக்கக் கூடாது, பல்லுத்தான் உடையும். இழுப்பு நிண்ட உடன ஒரு பக்கமாய்ச் சரிச்சு விடு. அஞ்சு நிமிசம் தாண்டினாலோ, நினைவு திரும்ப முதல் இன்னொண்டு வந்தாலோ, கர்ப்பிணி எண்டாலோ, தண்ணிக்குள்ள வந்தாலோ உடன அம்புலன்ஸ். பக்கத்தில நிக்கிற இன்னொராள் போனில வீடியோ எடுத்தால் அது நிபுணருக்கு ஸ்கானை விடப் பெறுமதி. தலை எந்தப் பக்கம் திரும்பினது, எந்தக் கை முதல் இழுத்தது, எல்லாம் அதில கிடக்கு. முகம் வெளிறி, வேர்த்து, கண் இருண்டு விழுந்து, படுத்த உடன தெளிஞ்சால் அது பெரும்பாலும் வெறும் மயக்கம். நாக்கின்ர பக்கவாட்டில கடிச்சு, எழும்பி அரை மணித்தியாலம் ஆள் தெரியாமல் கதைச்சால் அது வலிப்பு. வாழ்க்கையில முதல் வலிப்பு எண்டால், எவ்வளவு சின்னதாய் இருந்தாலும் நிபுணர் பார்க்கத்தான் வேணும். அதுவரைக்கும் வாகனமும் வேண்டாம், கிணத்தடியில தனியக் குளிப்பும் வேண்டாம்.

இனி உன்ர தலையிடி. கிழமையில நாலு நாள் பரசிற்றமோல் போடுறன் எண்டு சிரிச்சுக்கொண்டு சொன்னனீ. மாதத்தில பதினைஞ்சு நாளோ கூடவோ மூண்டு மாதத்துக்கு மேல போட்டால் அந்தக் குளிசையே தலையிடியை உண்டாக்கும். கோடீன் கலந்ததும் மைகிரேனுக்குப் போடுற ற்றிப்ரான் வகையும் எண்டால் பத்து நாளே போதும். விட்டால் முதல் ஒண்டு ரெண்டு கிழமைக்குக் கூடும், அப்பத்தான் அனேகம் பேர் திரும்பத் தொடங்குறது. ஒரு கலண்டரில தலையிடிச்ச நாளுக்கு ஒரு புள்ளி, குளிசை போட்ட நாளுக்கு ஒரு கோடு போடு. ஒரு பக்கம் இடிச்சு, சத்தி வரப் பார்த்து, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமல் நாலு மணித்தியாலத்தில இருந்து மூண்டு நாள்வரை இழுத்தால் அது மைகிரேன், அதுக்கு வராமல் தடுக்கிற மருந்து வேறயாய் இருக்கு.

ஆனால் ஒரு நிமிசத்துக்குள்ள உச்சிக்கு ஏறுற, சீவியத்தில இல்லாத தலையிடி எண்டால் கலண்டர் எழுதிக்கொண்டிராதை, 911ஐக் கூப்பிடு. மூளையைச் சுத்தி இரத்தம் கசிஞ்சிருக்கலாம். காய்ச்சலோட பிடரி விறைச்சாலும் அப்பிடித்தான். இருமேக்க, குனியேக்க, விடியப்புறம் படுத்திருக்கேக்க கூடுற புதுத் தலையிடியை நாள் கடத்தக் கூடாது. அம்பது தாண்டினவைக்குப் புதுசாய் வந்து, தலை சீவ நோகுது, சப்பேக்க தாடை உளையுது எண்டால் அண்டைக்கே இரத்தச் சோதனை செய்ய வேணும், பிந்தினால் கண் போகும்.

நாள்க்கணக்கில ஏறுறதுகளை ஆக்கள் பெரிசாய் எடுக்கிறேல்லை, எனக்குப் பெரிய பயம் அதுதான். வயித்தாலடிச்சோ தடிமன் வந்தோ ஒரு கிழமைக்குப் பிறகு ரெண்டு காலும் சோர்ந்து, நாளுக்கு நாள் மேல ஏறினால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாது. அது மூச்சுத் தசையைப் பிடிக்கலாம், அண்டைக்கே வார்ட்டில நிக்க வேணும். நாரி நோவோட ரெண்டு காலும் விறைச்சு, சலம் போகாமல், குந்துற இடம் மரத்தாலும் அப்பிடித்தான். முகம் ஒரு பக்கம் விழுந்தால் நெத்தியைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லு. நெத்தியும் சேர்ந்து அசையாட்டில் பெரும்பாலும் முக நரம்பு, மூண்டு நாளுக்குள்ள ஸ்டீரொயிட் தொடங்கி, மூடாத கண்ணைக் காப்பாத்த வேணும். நெத்தி அசைஞ்சு வாய் மட்டும் கோணினால் மூளை எண்டு நினை. இதையெல்லாம் சோதிக்கிறது ஆஸ்பத்திரிக்குப் போற வழியில, போகாமல் இருக்க இல்லை. மழைக்காலத்தில நிலத்தில படுத்த ஆள் விடியக் கண்ணிமை தூங்கி, வயிறு நோகுது எண்டால், கடிவாய் தெரியாட்டிலும் கட்டுவிரியனை நினைக்க வேணும், பரியாரியாரிட்டப் போய் மினைக்கெடாமல் நேரே பெரியாஸ்பத்திரி.

மெல்ல வாறதுக்கு அவசரம் இல்லை, ஆனால் ஒழுங்கு வேணும். கால் ரெண்டும் சொக்ஸ் போட்ட மாதிரி விறைச்சால் முதல் குடும்ப வைத்தியரிட்ட இரத்தத்தில சீனியும் வைற்றமின் பி12ம் பார்க்க வேணும். சலரோகத்துக்கு மெட்போமின் கனகாலம் போடுறவைக்கும் சைவக்காரருக்கும் பி12 குறையும். வயசானவை விழுந்து கிழமைக்கணக்கில பிறகு தடுமாறினால், மறதி எண்டு விட்டுடாமல் தலையை ஸ்கான் பண்ண வேணும், மெல்ல இரத்தம் கட்டியிருக்கலாம். கட்டிலில புரளேக்க அரை நிமிசம் சுத்திப்போட்டு நிக்கிற தலைச்சுத்து உள்காதில இருந்து வாறது, வைத்தியர் தலையைத் திருப்பித் திருப்பிச் செய்யிற ஒரு சிகிச்சையாலேயே பெரும்பாலும் போகும். இஞ்ச நாங்கள் நிபுணரை நேரே சனல் பண்ணலாம், அதாவது காசு கட்டித் தனியாரில நாள் பதியலாம். ஒன்ராறியோவில உனக்குக் குடும்ப வைத்தியரின்ர கடிதம் வேணும், அதில தொடங்கின திகதியும் எத்தனை நாளுக்கு ஒருக்கால் வருது எண்டதும் இருக்கப் பண்ணு. வெறும் தலையிடி எண்டு எழுதினால் மாதக்கணக்கில வரிசையில கிடப்பாய்.

பெரியப்பாவுக்குக் கை நடுங்குது, பார்க்கின்சன் எண்டு பயப்பிடுறார் எண்டு சொன்னனீ. கோப்பையைத் தூக்கேக்க ரெண்டு கையும் நடுங்குதோ, ரீவி பார்த்துக்கொண்டு சும்மா மடியில கிடக்கிற ஒரு கை மட்டும் நடுங்குதோ? ரெண்டாவது எண்டால்தான் யோசிக்க வேணும், நடக்கேக்க அந்தக் கை வீசாமல் நிண்டால் இன்னும் கூட. அதுக்கும் முதல் ஒண்டு இருக்கு. இஞ்ச வந்து போகேக்க தலைச்சுத்துக்கெண்டு அவர் கட்டிக்கொண்டு போன குளிசை. சினறிசீனோ புரோகுளோர்பெரசீனோ மாதக்கணக்கில போட்டால் பார்க்கின்சன் மாதிரியே நடுக்கமும் இறுக்கமும் வரும், வைத்தியர் பார்த்து நிப்பாட்ட மெல்லக் குறையும். சனிக்கிழமை அங்க போகேக்க அவரின்ர குளிசைப் பெட்டி முழுக்கப் பேர் தெரியப் படம் எடு. பிறகு ஒற்றையில நாலு வரி எழுதச் சொல்லு, கடைசி வரியில எழுத்துச் சின்னனாகுதோ பார்த்து, அதையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா