கம்பியை யாரும் அழுத்துவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு நலவாழ்வுப் பக்கத்தில் மன அழுத்தம் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் பத்தியில் ஆபீஸிலும் வீட்டிலும் மாட்டிக்கொண்டு அல்லாடும் பெண்ணுக்கு மன அழுத்தம் என்கிறீர்கள். நாலாவது பத்தியில் ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, எழுந்து பல் தேய்க்கக்கூட மனம் வரவில்லை. அவருக்கும் மன அழுத்தம்தான். முன்னது ஸ்ட்ரெஸ், பின்னது டிப்ரஷன். பின்னதற்கு மனச்சோர்வு என்ற சொல் எப்போதோ வந்துவிட்டது. இருந்தும் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டினால், வைத்தியம் வேண்டியவர் 'எல்லாருக்கும் இருக்கிறதுதானே' என்று சும்மா இருந்துவிடுவார்.

மின்வாரியத்தில் 34 வருஷம் வேலை பார்த்தவன் நான். ஸ்ட்ரெஸ்ஸைத்தான் ஊரில் டென்ஷன் என்கிறார்கள். எங்களுக்கு டென்ஷன் என்பது ஒரே பொருள் உள்ள சொல் இல்லை. 11,000 வோல்ட் போகிற லைனை எச்.டி. என்போம், ஹை டென்ஷன். அங்கே டென்ஷன் என்றால் வோல்டேஜ். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் வோல்டேஜுக்கு அந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். கம்பத்துக்குக் கம்பம் கம்பியை இழுத்துக் கட்டுகிறோமே, அந்த இழுப்பும் டென்ஷன்தான். லைன் திரும்புகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் அந்த இழுப்பைத் தாங்குவதற்கு மாட்டுவது ஸ்ட்ரெய்ன் இன்சுலேட்டர். சித்திரை வெயிலில் கம்பி நீண்டிருக்கும். அப்போது விறைப்பாகக் கட்டிவிட்டால் மார்கழிக் குளிரில் சுருங்கி இழுக்கும், கம்பி அறும், இல்லையென்றால் கம்பம் சாயும். அதனால் கணக்குப் பார்த்துத் தொய்வு விட வேண்டும். எங்கள் போர்மேன் கண்ணுக்கு மேல் கையை வைத்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, "இன்னுங் கொஞ்சம் வுடுப்பா, இன்னுங் கொஞ்சம்" என்று கத்துவார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கம்பியை யாரும் அழுத்துவதில்லை. இழுக்கிறார்கள். டென்ஷன் என்ற சொல்லின் லத்தீன் வேருக்கும் இழுத்து நீட்டுவது என்றுதான் பொருளாம். பிளஸ் ஒன் படிக்கும் பேத்தியின் இயற்பியல் புத்தகத்தைப் புரட்டினேன். டென்ஷன் இழுவிசை, ஸ்ட்ரெஸ் தகைவு, ஸ்ட்ரெய்ன் திரிபு. பாரம் ஏறும்போது பொருளுக்குள்ளே எதிர்த்து நிற்பது தகைவு. அதனால் நீளமோ வடிவமோ மாறுவது திரிபு. எவ்வளவு சுத்தமாகப் பிரித்திருக்கிறார்கள்! ஆங்கிலத்திலேயே இந்தப் பிரிவு ஒருமுறை குழம்பியது. 1936-ல் எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்து எழுதிய ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர், தொல்லை நேரும்போது உடம்பில் ஏற்படும் மாறுதலுக்குப் பிற்பாடு ஸ்ட்ரெஸ் என்று பெயர் வைத்தார். ஸ்ட்ரெய்ன் என்று வைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும் என்று கடைசிக் காலத்தில் அவரே சொன்னதாகப் படித்திருக்கிறேன்.

நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? பிள்ளை பரீட்சை எழுதப் போனால் படபடப்பு. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தவிப்பு. கடன்காரன் வாசலில் நின்றால் நெருக்கடி. ராத்திரி தூங்க விடாமல் அரிப்பது உளைச்சல். 'டென்ஷன் ஆகாதீங்க' என்று கண்டக்டரிடம் சொல்கிறோமே, அங்கே அது வெறும் கோபம். எல்லையில் இரண்டு நாட்டுப் படைகள் முறைத்துக்கொண்டு நின்றால் நீங்களே பதற்றம் என்று சரியாகப் போடுகிறீர்கள் (மறுநாளே பதட்டம் என்றும் போடுகிறீர்கள், பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம்தான்). 'எல்லையில் மன அழுத்தம்' என்று எந்த உதவி ஆசிரியரும் எழுத மாட்டார். மனசு என்று வந்தவுடன் மட்டும் ஏன் எல்லாமே அழுத்தமாகிவிடுகிறது? ஸ்ட்ரெஸ்ஸுக்கு இறுக்கம் என்று போட்டுப் பாருங்கள். இழுத்துக் கட்டிய கம்பியின் விறைப்பு அந்தச் சொல்லில் இருக்கிறது. இரத்த அழுத்தத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. அங்கே ரத்தம் நிஜமாகவே குழாயின் சுவரை அழுத்துகிறது.

அதிலும் ஒரு கூத்து நடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் தலைசுற்றல் என்று என் மனைவியை ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். "உங்களுக்கு ஹைப்பர்டென்ஷன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லி மாத்திரை எழுதினார்கள். வெளியே வந்ததும் அவள், "எனக்கென்னங்க டென்ஷன்? பொண்ணுங்கள கட்டிக் குடுத்தாச்சு, கடன் கிடையாது. அந்த டாக்டருக்குத்தான் டென்ஷன்" என்றாள். எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. ஒரு அட்டை தீர்ந்ததும் மாத்திரையை விட்டுவிட்டாள். தலைசுற்றலும் இல்லாததால் நானும் கேட்கவில்லை. நாலு மாதம் கழித்து, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். 180-க்கு 110. "அம்மா, உங்களுக்கு பிரஷர் இருக்கு" என்றதும் இவளுக்கு முகம் மாறிவிட்டது. பிரஷர் என்றால் அவளுக்குத் தெரியும், அவள் அண்ணன் அதில்தான் படுத்தார். அன்றைக்கு ஆரம்பித்த மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. அந்தப் பெண் மாதாமாதம் வரும்போது மட்டும், "இந்த மாசம் என் டென்ஷன் எவ்வளவும்மா?" என்று கேட்டு வம்பிழுக்கிறாள்.

இப்படிக்கு,
மின்பாதை ஆய்வாளர் (ஓய்வு),
போளூர்.