ஆய்வுக்கூடத்திலேயே இரு, கயல்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, கவலைப்படாதே. கேம்பிரிட்ஜில் இன்னும் இரண்டு ஆண்டு கல்லீரல் மாற்று ஆய்வைத் தொடர்வதா, ஊர் திரும்பி அறுவை அரங்கில் சேர்வதா என்று கேட்டிருந்தாய். கத்தி பிடித்த கைக்குப் பழக்கம் விட்டுப்போகும் என்று பெரியப்பா சொன்னாராமே. அவருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். நீ அங்கேயே இரு.

நான் டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்த காலத்தில், தாய் கொடுத்த சிறுநீரகத்தைப் பிள்ளையின் உடல் சில வாரங்களிலேயே தள்ளிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். தையலில் ஒரு குறையும் இருக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் மட்டும் ரத்தத்தில் நாளுக்கு நாள் ஏறும். மறுபடியும் எங்கள் டயாலிசிஸ் படுக்கைக்கே அந்தப் பிள்ளை வந்து சேரும். அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியாது. கத்தியால் தீர்க்க முடியாத இடம் அது என்று அப்போதே எனக்குப் புரிந்தது.

உன் ஊரில் வாழ்ந்த அறுவை மருத்துவர் ராய் கால்ன் அந்த இடத்தில்தான் தன் ஆயுளைச் செலவிட்டார். 1950இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவராக இருந்தபோது, தன் வயதுடைய ஒரு பையன் சிறுநீரகம் செயலிழந்து சாகக் கிடப்பதைப் பார்த்தார். வேறு சிறுநீரகம் வைக்க முடியாதா என்று கேட்டதற்கு, முடியாது என்றார்கள். பிறகு, ஒட்டுத்தோலை உடல் ஏன் தள்ளுகிறது என்று ஆராய்ந்த விஞ்ஞானி பீட்டர் மெடாவரின் உரையைக் கேட்கப் போனார். இந்த ஆராய்ச்சியால் நோயாளிக்குப் பயன் உண்டா என்று ஒரு மாணவர் கேட்க, மெடாவர் அறவே இல்லை என்றாராம். மெடாவரே சொல்லிவிட்டார் என்று கால்ன் விட்டுவிடவில்லை. 1960இல் உடலின் எதிர்ப்பை அடக்கும் மெர்காப்டோப்யூரின் மருந்து கொடுத்து, நாய்களில் மாற்று சிறுநீரகத்தைக் கூடுதல் நாள் காப்பாற்றிக் காட்டினார். அடுத்து பாஸ்டன் போய், சிறுநீரக மாற்று மருத்துவர் ஜோசப் மர்ரேயின் துறையில் அதே வகை மருந்தான அசத்தியோப்ரினைச் சோதித்தார். என் வார்டில் பல ஆண்டு நான் எடுத்துக் கொடுத்த மாத்திரை அது.

நிராகரிப்பைத் தடுக்கும் இன்னொரு மருந்தான சைக்ளோஸ்போரினின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த மருந்து தண்ணீரில் கரையாது. கால்னின் ஆய்வுக்கூடத்தில் இருந்த அல்கிஸ் கோஸ்டாகிஸ் என்ற கிரேக்க மருத்துவர், தன் அம்மா ஊரிலிருந்து அனுப்பியிருந்த ஆலிவ் எண்ணெயில் அதைக் கரைத்து எலிகளுக்குக் கொடுத்தார். மாற்றி வைத்த இதயங்கள் நிராகரிக்கப்படாமல் துடித்துக்கொண்டே இருந்தன. கால்ன் முதலில் நம்பவில்லை. திரும்பச் செய்யச் சொன்னார். முகம் தெரியாத அந்த அம்மாவுக்குக் கோடி புண்ணியம். எலிக்குப் பிறகும் பெரிய விலங்குகளில் சோதித்துவிட்டு, 1978இல்தான் மனிதர்களுக்கு வந்தார்கள். அங்கே அது சிறுநீரகத்தையே பாதித்தது. சிலருக்கு நிணநீர்ப் புற்றும் வந்தது. மருந்தின் அளவைக் குறைத்து, மற்ற மருந்துகளோடு சேர்த்து, வழிக்குக் கொண்டுவர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் டென்வரில் அறுவை மருத்துவர் தாமஸ் ஸ்டார்சல் 1963இல் கல்லீரல் மாற்றத் தொடங்கியபோது முதல் நோயாளிகள் யாரும் பிழைக்கவில்லை. அறுவையை நிறுத்தினார், ஆய்வை நிறுத்தவில்லை. 1967இல் மீண்டும் தொடங்கி, நோயாளிகள் ஓராண்டையும் கடந்து வாழக் கண்டார். 2012இல் கால்ன், ஸ்டார்சல் இருவருக்கும் சேர்த்து லாஸ்கர் மருத்துவ விருது கொடுத்தார்கள்.

கால்னின் கை மறந்துபோகவில்லை, கயல். 1968இல் கேம்பிரிட்ஜில் கல்லீரல் மாற்றியவர், 1980களில் வால்வொர்க் என்பவருடன் சேர்ந்து இதயம், நுரையீரல், கல்லீரல் மூன்றையும் ஒரே நோயாளிக்கு மாற்றினார். பெரியப்பாவிடம் இதைத்தான் சொல்லப்போகிறேன்.

மூளைச்சாவு அடைந்தவரின் மனைவி அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கல்லீரலை, கொழுப்பு அதிகம் என்று ஒதுக்கிவைப்பதை நான் அறிவேன். அவளிடம் அதை யார் சொல்வது? அப்படிப்பட்ட கல்லீரலை இயந்திரத்தில் வைத்து, ரத்தம் ஓடவிட்டு, பொருத்தத் தகுமா என்று நீ பார்க்கிறாய். ஒன்று தேறினாலும் ஒரு உயிர்.

வழிகாட்டியிடம் சம்மதம் சொல்லிவிடு. பணத்தை நினைத்துத் தயங்காதே. என் ஓய்வூதியத்தில் வீடு நடக்கிறது, தம்பியின் கல்லூரிக் கட்டணத்தை அப்பா பார்த்துக்கொள்வார். அந்த இயந்திரத்தில் கல்லீரல் பித்தம் சுரக்கத் தொடங்க எவ்வளவு நேரமாகிறது, அதன் நிறத்தை வைத்து ஏதாவது சொல்ல முடிகிறதா? அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா