ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுச் செயல்திட்டம் குறித்துப் பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். இப்பருவம் நல்லபடியாக நிறைவடைந்திருக்கிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, கபடிப் போட்டி அனைத்திலும் நம் மாணவர்கள் சிறப்பாகப் பங்கேற்றார்கள். பரிசு பெற்றவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. அனைவருக்கும் பள்ளியின் பாராட்டுகள்.

இக்கடிதத்தில் நான் முக்கியமாகப் பேச விரும்புவது ஒன்பதாம் வகுப்பின் வரலாற்றுச் செயல்திட்டத்தைப் பற்றி. ‘அமெரிக்க விடுதலைப் போரில் இரு படைகளின் வலிமையும் பலவீனமும்’ என்ற தலைப்பு கொடுக்கப்பட்டிருந்தது. வந்து சேர்ந்தவற்றுள் பெரும்பாலானவை, இடப்பக்கம் பிரிட்டன், வலப்பக்கம் அமெரிக்கா என்று பிரித்த ஒரே அட்டவணையை ஒரே சொற்களில் கொண்டிருந்தன. சில கணினி மையத்தில் அச்சிட்டு வாங்கியவை. சில வீட்டுப் பெரியவர்களின் கையெழுத்தில் இருந்தன. பகலெல்லாம் உழைத்துக் களைத்து வரும் தங்களிடம், நாளை காலை ஒப்படைக்க வேண்டும் என்று பிள்ளை இரவில் வந்து நிற்கும்போது உதவாமலிருக்க மனம் வராது என்பதை நான் நன்கு அறிவேன்.

அந்த அட்டவணையில் உள்ள செய்திகள் தவறானவை அல்ல. பிரிட்டனிடம் வலிமைமிக்க கடற்படையும், பயிற்சி பெற்ற காலாட்படையும், ஏறத்தாழ 30,000 ஜெர்மானியப் படைவீரர்களைக் கூலிக்கு அமர்த்தும் பணவசதியும் இருந்தன. எதிர்ப்பக்கம், அமெரிக்கர்களின் பொதுப் பேரவையான காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. அது அச்சிட்ட தாள்பணம் மதிப்பிழந்துகொண்டே போனது. 1776ஆம் ஆண்டு முடிவில் பல வீரர்களின் பணிக்காலம் முடியவிருந்த நிலையில்தான் அமெரிக்கப் படைத்தளபதி ஜார்ஜ் வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடந்து, டிசம்பர் 26 அன்று டிரென்டன் நகரைத் தாக்கினார். அடுத்த ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய படை தங்கிய வேலி ஃபோர்ஜ் முகாமில் சுமார் 2,000 பேர் பெரும்பாலும் நோயினால் இறந்தார்கள். இவற்றை எவரும் பார்த்து எழுதிவிடலாம். இவ்வளவு பலவீனமான படை எப்படி வென்றது என்று பிள்ளை தானே யோசிக்க வேண்டும் என்பதற்காகவே எங்கள் ஆசிரியர் இத்தலைப்பைக் கொடுத்தார்.

ஆகவே வகுப்பில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: 1777 செப்டம்பரில் காங்கிரஸ் கூடிவந்த பிலடெல்பியா நகரையே பிரிட்டிஷ் படை கைப்பற்றிய பின்னும் போர் ஏன் முடியவில்லை? அழகிய உறையிட்ட ஏடுகளை வைத்திருந்த பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். அந்தக் காட்சி எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. பதில் கடினமானதன்று. பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் பொதுவான உயிர்நிலை என்று ஒரு நகரம் இல்லை. காங்கிரஸ் யார்க் என்ற ஊருக்கு இடம்பெயர்ந்து தொடர்ந்து இயங்கியது. அதே வேளையில், பிரிட்டிஷ் தளபதி ஹோவ் பிலடெல்பியாவை நோக்கிச் சென்றுவிட்டதால், கனடாவிலிருந்து தெற்கே இறங்கி வந்த மற்றொரு பிரிட்டிஷ் தளபதி பர்கோய்னுக்கு ஹோவின் உதவி கிடைக்கவில்லை. அக்டோபர் 17 அன்று சாரடோகாவில் பர்கோய்ன் தம் படையுடன் சரணடைய நேர்ந்தது. லண்டனிலிருந்து ஓர் ஆணை அட்லாண்டிக் கடலைக் கடந்து வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும்போது, இரு தளபதிகளை ஒரே திட்டத்துக்குள் நிறுத்துவது எளிதாக இருந்திருக்காது. நானும் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்பதால் சொல்கிறேன், பிரிட்டனின் பலவீனங்களில் இந்தத் தொலைவையே நான் முதலில் வைப்பேன். சாரடோகா வெற்றிக்குப் பிறகு, 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அமெரிக்காவுடன் கூட்டுச் சேர்ந்தது.

பலவீனத்தையே பயன்படுத்திய தளபதியும் உண்டு. துப்பாக்கி முனைக்கத்தியைக் கண்டால் தம் ஊர்க்காவல் படையினர் ஓடிவிடுவார்கள் என்பதை அறிந்திருந்த அமெரிக்கத் தளபதி டேனியல் மார்கன், 1781 ஜனவரியில் கௌபென்ஸ் களத்தில் அவர்களையே முன்னால் நிறுத்தி, இருமுறை சுட்டுவிட்டுப் பின்வாங்கினால் போதும் என்றார். அவர்கள் ஓடுவதாக எண்ணி முன்னேறிய பிரிட்டிஷ் தளபதி டார்ல்டனின் படை, பின்னால் காத்திருந்த பயிற்சி பெற்ற நிலைப்படையிடம் சிக்கித் தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பல்கள் யார்க்டவுன் அருகிலுள்ள செசபீக் விரிகுடாவை அடைத்தபோது, பிரிட்டன் பெரிதும் நம்பியிருந்த கடல்வலிமை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் உதவவில்லை; அக்டோபர் 19 அன்று யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸின் படை சரணடைந்தது. இந்த இரண்டையும் இரு பத்தி அட்டவணையின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒரு மாணவி மட்டும் கோடிட்ட தாளில் பென்சிலால் வரைபடம் வரைந்து, அந்தப் போரின் தொடர்ச்சியாக 1783 ஜூனில் நம் கடலூரில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதையும், அமைதிச் செய்தி வந்த பிறகு அது நின்றதையும் எழுதியிருந்தாள். யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸ்தானா 1786இல் இங்கே தலைமை ஆளுநராக வந்தவர் என்றும் கேட்டிருந்தாள். எழுத்துப் பிழைகள் இருந்தபோதிலும் முழு மதிப்பெண் பெற்ற ஏடு அதுதான்.

எனவே ஒன்றைத் தெளிவாகத் தெரிவிக்கிறேன். இனி அச்சிட்டு வாங்கிய, அல்லது பிறர் கையெழுத்தில் உள்ள செயல்திட்டம் எதற்கும் மதிப்பெண் வழங்கப்படமாட்டாது. இதில் எவருக்கும் விலக்கு இல்லை. விலக்குக் கேட்டு என்னைச் சந்திக்க வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இம்முறை மட்டும், மீண்டும் எழுத வேண்டிய மாணவர்களுக்கு வகுப்பறையிலேயே இரண்டு பாடவேளைகள் ஒதுக்கப்படும்.

வீட்டில் தாங்கள் செய்யக்கூடிய உதவி நிறையவே இருக்கிறது. சாப்பிடும்போது, இரண்டு படைகளில் நீ எதன் தளபதியாக இருக்க விரும்புவாய், ஏன் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவன் சொல்வது தவறாக இருந்தாலும் அதையே எழுதி வரட்டும்; திருத்துவது எங்கள் பொறுப்பு.

பள்ளி நூலகத்துக்கு வரலாற்று நூல்களை வழங்கிய பெற்றோர்களுக்கும், பிள்ளைகளின் நலன் கருதி எங்களோடு எப்போதும் ஒத்துழைக்கும் தங்கள் அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி. மீண்டும் எழுதுவோருக்காக அடுத்த வாரம் முழுவதும் நூலகம் மாலை 5.30 மணி வரை திறந்திருக்கும்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்