வௌவால் கதை போதும், '13' பற்றியும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாம்பனிலிருந்து எழுதுகிறேன், படகு இன்ஜின் மெக்கானிக். உங்கள் நாளிதழைப் பட்டறைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் தினமும் வாசிப்பேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவேன், இணைப்பிதழுக்காக. பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்து ராக் இசைக்குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் 2025 ஜூலை 22 அன்று இறந்ததை ஒட்டி அந்த இணைப்பில் வந்த கட்டுரையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஒரு தமிழ்ப் பத்திரிகை அவருக்கு அரைப் பக்கம் கொடுத்ததே பெரிய சந்தோஷம். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் பாதி, 1982-ல் அமெரிக்காவில் ஒரு மேடையில் அவர் வௌவாலின் தலையைக் கடித்த கதை. மீதியில் குடி, போதை, டிவி நிகழ்ச்சி. கடைசியில் ஒரு வரி: '1978-க்குப் பிறகு பழைய குழுவோடு அவர் புது ஆல்பம் எதுவும் செய்யவில்லை.' இது தவறு. இந்த ஒரு வரிக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

2013 ஜூன் மாதம் பிளாக் சப்பாத் '13' என்ற ஆல்பத்தை வெளியிட்டது. பாடியது ஓஸி, கிட்டார் டோனி அயோமி, பேஸ் கிட்டார் கீசர் பட்லர். 1979-ல் ஓஸியைக் குழுவிலிருந்து வெளியே அனுப்பினார்கள், அதற்குப் பிறகு வேறு வேறு பாடகர்களை வைத்து 1995 வரை ஆல்பம் போட்டார்கள், அப்புறம் 18 வருஷம் அந்தப் பெயரில் புது ஆல்பமே கிடையாது. ஓஸியின் குரலோடு என்று கணக்குப் பார்த்தால் 35 வருஷம். 1997-ல் இந்த மூவரும் பழைய டிரம்ஸ்காரர் பில் வார்டும் என நான்கு பேரும் ஒன்றாக மேடை ஏறினார்கள், 2001-ல் ஸ்டுடியோவுக்குப் போய் ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். '13' வந்ததும் இங்கிலாந்தில் முதலிடம். அங்கே இதற்கு முன் அவர்கள் முதலிடத்தைப் பிடித்தது 1970-ல். அமெரிக்காவில் அதுதான் அவர்களுடைய முதல் முதலிடம். அதிலிருந்த ஒரு பாட்டுக்கு அடுத்த வருஷம் கிராமி விருதும் கிடைத்தது. இவ்வளவும் நடந்திருக்க, எதுவும் செய்யவில்லை என்று எப்படி எழுத முடிந்தது?

நான் இந்தக் குழுவை எப்படிப் பிடித்தேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'இதெல்லாம் மெட்ராஸ் காலேஜ் பிள்ளைகள் சமாச்சாரம்' என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் கீழக்கரையில் ஒரு சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வீட்டு ஜெனரேட்டரை ரிப்பேர் பார்க்கப் போனேன். அவர் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரும் ஒரு பெட்டி நிறையக் கேசட்டும் திண்ணையில் இருந்தன. வேலை முடியும்வரை ஏதாவது ஓடட்டும் என்று அவர் மகன் போட்ட கேசட் 'பாரனாய்ட்', இவர்களின் இரண்டாவது ஆல்பம். அதுவரை இந்த மாதிரி எதையும் கேட்டதில்லை. நாங்கள் இந்தக் கரையில் ராத்திரி கொழும்பு வானொலி கேட்டு வளர்ந்தவர்கள், இங்கிலீஷ் பாட்டு புதுசில்லை, ஆனால் அதெல்லாம் வழுவழுவென்று இருக்கும். இது கனமாக, மெதுவாக, ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் கிட்டார். அதை ரிஃப் என்பார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை. ஆனால் இதை வாசிப்பவன் பட்டறையில் நின்றவன் என்று மட்டும் தோன்றியது.

தோன்றியது சரிதான். டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில், வேலையை விட்டு நிற்கப்போகும் கடைசி நாளில், பழக்கமில்லாத ஒரு மெஷினில் நிற்க வைத்தார்கள், வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர், ஆகவே கம்பியை அழுத்துவது அந்த வலது கைதான். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தொப்பி மாதிரி செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, விரலில் மாட்டிக்கொண்டு மறுபடி வாசிக்கப் பழகினார். கம்பி கனமாக இருந்தால் அழுத்த முடியாது என்று மெல்லிய கம்பியைப் போட்டார். பின்னாளில் சுருதியையும் இறக்கி, கம்பியைத் தளர்த்தி வைத்துக்கொண்டார். உலகம் முழுக்க ஹெவி மெட்டல் என்று சொல்லும் அந்த அடர்ந்த சத்தத்தில் இந்த விரலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

எனக்கும் இடது கை நடுவிரலில் நுனி இல்லை. 1994-ல் பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் போனது. ஒரு நட்டைப் போல்ட்டில் ஏற்றும்போது முதல் சுற்று கண்ணுக்குத் தெரியாது, விரல் நுனிக்குத்தான் தெரியும், மரை நேராகப் பிடித்ததா, பிசகி ஏறுகிறதா என்று. அந்த நுனி போனால் திரும்ப முதலிலிருந்து தொழில் கற்க வேண்டும். நான் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆனது. கம்பியைத் தொட்டால் தொட்டது தெரியாத விரலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் ஐம்பது வருஷம் வாசித்தான் என்றால் அது என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். உங்கள் கட்டுரையில் இந்த விரலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். 2012 ஜனவரியில் அயோமிக்கு லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்று அறிவித்தார்கள். சிகிச்சையை விட்டு அவரால் அமெரிக்காவில் போய் உட்கார முடியாது என்பதால் மற்றவர்கள் இங்கிலாந்துக்கு வந்து அவரோடு வேலை செய்தார்கள். கீமோ எடுத்த ஆளை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். என் அண்ணனை மதுரைக்கு அழைத்துப் போய்வந்திருக்கிறேன், மண்டபம், ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று பஸ்ஸில், அப்போது பாம்பன் ரயில் பாலம் மூடிக் கிடந்த காலம். திரும்பி வந்த அன்று ஒரு டம்ளர் கஞ்சி கையில் நிற்காது அவருக்கு. அந்த உடம்போடு அயோமி புதுசு புதுசாக ரிஃப் போட்டிருக்கிறார், அதுவும் அந்த ஆல்பத்தில் உள்ள மாதிரி ரிஃப்கள்.

நான் அதை முதலில் கேட்டது அதே 2013 ஜூன் கடைசியில். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருக்கும் அக்கா மகன் ஊருக்கு வரும்போது சிடி வாங்கி வந்தான். "மாமா, உங்க ஆளுங்க திரும்பி வந்துட்டாங்க" என்று கையில் கொடுத்தான். அப்போது மீன்பிடித் தடைக்காலம் 45 நாள்தான், 61 நாள் ஆனது 2017-ல். தடை முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த நேரம், கச்சான் காற்று தகரக் கூரையை அடித்துக்கொண்டிருந்தது. பட்டறைக்கு மட்டம் போட முடியாது என்பதால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, வேனிலிருந்து கழற்றி வைத்திருந்த ஸ்பீக்கரில் போட்டோம்.

முதல் பாட்டு நடக்கவே தயங்குகிற மாதிரிதான் ஆரம்பிக்கும். ஓர் அடி, ஒரு மௌனம், மறுபடி ஓர் அடி. தடைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த இன்ஜினை முதல் நாள் கிளப்பும்போது காற்று வாங்கி, கரும்புகை கக்கி, விட்டு விட்டு அடிக்குமே, அப்போது காதைத் தீட்டி வைத்துக்கொண்டு நிற்போம், ஓடுமா ஓடாதா என்று. அந்தப் பாட்டில் சில நிமிஷம் தாண்டியதும் ஓட்டம் பிடிக்கும். அந்த இடத்தில் அக்கா மகன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை, கண் கலங்கியிருந்தது.

மொத்தம் எட்டுப் பாட்டு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் இளவட்டம் மாதிரிக் கத்திக் காட்டவில்லை. ஓஸியின் குரல் இறங்கிவிட்டது, அதை மறைக்காமல் இறங்கிய இடத்திலேயே பாடுகிறார். வார்த்தைகளில் பெரும்பாலானவை பட்லர் எழுதியவை: சாவு, கடவுள், முடிவு. 'கடவுள் இறந்துவிட்டாரா?' என்று ஒரு பாட்டு, எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் தலைப்பைக் கேட்டே முகம் சுளித்தார். கேள்விக்குறி இருக்கிறது, முழுக்கக் கேளுங்கள் என்றேன். கேட்டார். குழப்பத்தில் அலைகிற ஒருவன் முடிவில் அதை நம்பவில்லை என்கிறான். நண்பர் ஒன்றும் பேசாமல் மறுபடி போடச் சொன்னார். அவர்தான், குழுவின் பெயரிலேயே அமைந்த அந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, 'சட்ஜத்திலிருந்து பிரதி மத்தியமத்துக்குத் தாவி அங்கேயே நிற்கிறது, அதனால்தான் வயிற்றைப் பிசைகிறது' என்று கர்நாடக சங்கீத ஸ்வரக் கணக்கில் எனக்கு விளக்கியவர்.

குறையும் சொல்ல வேண்டும். டிரம்ஸில் பில் வார்ட் இல்லை. ஒப்பந்தம் சரிப்படவில்லை என்று 2012-ல் அவரே வெளியே சொல்லிவிட்டார், வேறு குழுவிலிருந்து பிராட் வில்க் வந்து வாசித்தார். பிராட் வில்க் நன்றாகவே வாசிக்கிறார், ஆனால் பழைய ஆல்பங்களில் வார்டின் அடி கொஞ்சம் ஆடும், அலையில் வள்ளம் ஆடுகிற மாதிரி, கிட்டார் அதன்மேல் ஏறி இறங்கும். இதில் அந்த ஆட்டம் இல்லை. தயாரிப்பாளர் ரிக் ரூபின் முதல் ஆல்பத்தைப் போட்டுக் காட்டி அதே மனநிலைக்குத் திரும்பச் சொன்னவர், அது நல்ல யோசனை, ஆனால் ஒலியை எல்லா இடத்திலும் ஒரே மட்டத்துக்கு அழுத்தி வைத்தது என் காதுக்கு ஒத்துவரவில்லை. மெதுவான இடமும் உரக்கவே இருக்கிறது. ஆரம்பத்தில் சேர்ந்து உழைத்த நாலு பேரில் ஒருவரைக் காசுப் பேச்சில் விட்டுவிட்டுப் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். பங்கு பிரிப்பதில் தகராறு வந்து கூட்டுப் படகு பிரிந்ததை இங்கே எத்தனையோ பார்த்திருக்கிறேன், யார் பக்கம் நியாயம் என்று நாலு வருஷம் பேசுவார்கள், படகு மணலில் கிடக்கும். அவர்கள் தகராறு முழுதாகத் தீர்ந்ததா இல்லையா தெரியாது, ஆனால் 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் வில்லா பார்க் மைதானத்தில் நால்வரும் ஒன்றாக வாசித்தார்கள், வார்டும் இருந்தார். ஓஸியால் நிற்க முடியவில்லை, பார்க்கின்சன் நோய், நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். 17 நாள் கழித்து இறந்தார்.

'13'-இன் கடைசிப் பாட்டு முடிந்த பிறகு மழைச் சத்தம் வரும், இடி வரும், ஒரு சர்ச் மணி அடிக்கும். 1970 பிப்ரவரி 13-இல் வந்த முதல் ஆல்பம் இதே மழை, இதே இடி, இதே மாதிரி மணியோடுதான் ஆரம்பிக்கும். நாங்கள் கேட்ட அன்று ராத்திரி கச்சானில் கூரை அடித்துக்கொண்டே இருந்ததால் மழை சிடியில் பெய்கிறதா வெளியே பெய்கிறதா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை. அக்கா மகன் ஷட்டரைத் தூக்கிப் பார்த்தான். தரை காய்ந்து கிடந்தது.

ஆசிரியர் அவர்களே, இசைப் பக்கத்தில் இடம் கொடுத்து அந்த ஆல்பத்தைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள், வாங்கி வாசிக்க இங்கே ஆள் இருக்கிறோம். அவ்வளவு இடமில்லை என்றால் திருத்தமாவது போடுங்கள், ஒரு வரி போதும்: 'ஓஸி ஆஸ்பர்ன், டோனி அயோமி, கீசர் பட்லர் மூவரும் 2013-ல் 13 என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள்.'

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
படகு இன்ஜின் மெக்கானிக்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.